சிங்கப்பூர் போகாத என் மகனுக்கு

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதி நாலு வரியை நிரப்ப எனக்கு இப்போது பொறுமை இல்லை. உன் பெரியப்பா மகன் ரவி நாளைக் காலை மங்களூருக்குக் கிளம்புகிறான். உங்கள் போட்டு கரைக்கு வந்ததும் இதை உன் கையில்தான் கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டு ஓடிவிடாமல் நீ படித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அவன் உட்கார்ந்திருக்கிறானா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். கடலுக்குள் இருந்தால் உன் செல் எடுக்காது. கரையில் இருந்தாலும் பிடிக்காத பேச்சு வந்தால் "டவர் இல்லம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிக்கலாம். கிழிப்பதாக இருந்தாலும் கடைசி வரை படித்துவிட்டுக் கிழி.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உனக்குப் பரிசம் போடப் போன இடத்தில், இரண்டு ஊர்ப் பஞ்சாயத்தாரும் உட்கார்ந்திருந்த சபையில், நீ சிங்கப்பூருக்கே போகவில்லை, குடியை விடுவதற்காகத் தஞ்சாவூரில் போய் இருந்தாய் என்று நானே எழுந்து சொல்லிவிட்டேன். யாரும் என்னை அதைக் கேட்கவில்லை. கேட்காமலே சொன்னேன். தட்டு மாறவில்லை. கொண்டுபோன பழமும் பூவும் வேனிலேயே திரும்பி வந்தன. சுதா வீட்டுப் பெரியவர்கள் இன்னும் முடிவு சொல்லவில்லை. ஆனால் சுதா சொல்லியிருக்கிறாள். அதைக் கடைசியில் எழுதுகிறேன். பக்கத்தைத் தள்ளி முதலில் அதைப் பார்த்துவிடாதே. நடந்தது தெரியாமல் அதைப் படித்தால் உனக்கு அது வேறு மாதிரி படும்.

இந்த இடத்தில் உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். மேலுதட்டைக் கடித்துக்கொண்டு, யாரோ கூப்பிட்ட மாதிரி எழுந்து நடக்கத் தொடங்குவாய். உன் கோபத்துக்கு நான் பயப்படவில்லை. கோபப்படு. கண்டபடி திட்டு. மீன் விற்கும் பொம்பிளை வாங்காத வசவா? ஆனால் எழுந்து நடந்தால் எங்கே போவாய் என்பதுதான் என் பயம். நம் காரைக்காலில் பெட்டிக்கடையைவிட அந்தக் கடைதான் அதிகம். பக்கத்துச் சீமையிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்து குடித்துவிட்டு நம் பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடக்கிறார்கள். அதைத் தாண்டித் தாண்டித்தான் நீ இத்தனை நாள் நடந்தாய், எனக்குத் தெரியும். மங்களூர் எப்படி என்று எனக்குத் தெரியாது. மீன்பிடித் தடைக்காலத்தில் இங்கே போட்டு ஓடாது, அங்கே போய் ஒரு போட்டில் என்ஜின் வேலை பார்க்கிறேன் என்று நீ கிளம்பியபோதே எனக்குச் சம்மதம் இல்லை. இப்போது இந்தக் கடிதத்தை வேறு உன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். இரண்டு நாளாக எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து வாசலுக்குப் போகிறேன், அங்கே ஒன்றும் இல்லை, திரும்பி வந்து உட்காருகிறேன். அடுப்பில் வைத்த பாலை மறந்து பொங்கவிட்டுவிட்டேன். உட்கார், தம்பி. நான் நின்றுகொண்டிருக்கிறேன், நீயாவது உட்கார்.

அலை வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நாம் இரண்டு பேரும் ஒருநாளும் பேசியதில்லை. அன்று நான் கூடையோடு தலத்தெருவில் இருந்தேன். நீ டவுனில் கிரிக்கெட் ஆடப் போயிருந்தாய். வலை பிரித்துக்கொண்டு கரையில் இருந்த உன் அப்பா மட்டும் போய்விட்டார். பிறகு ஊரில் எஞ்சியிருந்த ஆண்பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து வேலிக்கருவைப் புதருக்குள்ளும் வாய்க்காலிலும் தேடித் தேடிப் பிணங்களைத் தூக்கினீர்கள். அந்த வேலைக்குப் போனவர்களுக்குக் குடிக்க ஊற்றிக் கொடுத்தார்கள். அது இல்லாமல் அந்த வாடைக்குள் யாரும் இறங்கியிருக்க முடியாது என்று எல்லோரும் சொன்னார்கள், பொய்யும் இல்லை. உனக்கு முதல் தடவை ஊற்றிக் கொடுத்தது உன் பெரியப்பா. மறுநாள் உன் அப்பாவைக் கண்டுபிடித்தது நீ. அன்று சாயங்காலம் முகாமில் என் பக்கத்தில் வந்து விழுந்து அப்படியே தூங்கிப் போனாய். உன் மேல் சாராய வாடை அடித்தது. பிள்ளை கொஞ்சம் கண் அசந்தானே என்று உன் பெரியப்பாவை மனதுக்குள் கும்பிட்டேன். இன்றைக்கும் அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அன்று அது மருந்து. மருந்தை எப்போது நிறுத்த வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

அதன் பிறகு நடந்ததை எல்லாம் எழுதி உன்னை அசிங்கப்படுத்த மாட்டேன். நீ கடலுக்குப் போவதை விட்டாய். அப்பாவின் வலையை விற்றாய். ஒருநாள் குடித்துவிட்டு வந்து என்னை "யாரு நீ" என்று கேட்டாய், அது மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. நானும் சும்மா இருக்கவில்லை. நேர்ந்துகொண்டேன், மந்திரித்தேன், உன்னை உள்ளே வைத்துப் பூட்டினேன், கூரை ஓட்டைப் பிரித்துக்கொண்டு நீ வெளியே போனாய். கடைசியில் யாரோ சொன்னார்கள் என்று ஒரு பொடி வாங்கி வந்தேன். நிறம் கிடையாது, ருசி கிடையாது, சோற்றில் கலந்தால் குடிப்பவனுக்கே தெரியாது, குடியே வெறுத்துவிடும் என்றார்கள். நீ எதைத் தின்னாவிட்டாலும் நான் வைக்கிற சுறாப் புட்டைத் தின்பாய் என்று எனக்குத் தெரியும். அதில் கலந்தேன். தின்றுவிட்டுப் போய் வழக்கம்போலக் குடித்தாய். முகமெல்லாம் சிவந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, தெருவில் விழுந்து கிடந்தாய். நான் பெற்ற பிள்ளையை நானே கொன்றுவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் பொம்பிளை என்னைத் திட்டியது உனக்குத் தெரியாது. சின்னப் பெண், எனக்கு ஒரு மகள் இருந்தால் அந்த வயதுதான் இருக்கும். என் வாழ்க்கையில் நான் திருப்பிப் பேசாமல் நின்ற இடம் அது ஒன்றுதான்.

இரண்டாம் நாள் நீ கண்ணைத் திறந்து சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "எனக்குத் தெரியாம எதுவும் செய்யாதம்மா. தெரிஞ்சு செய். எங்க கூப்புட்டாலும் வர்றேன்" என்றாய். சொன்னபடியே தஞ்சாவூருக்கு வந்தாய். நானும் சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலைத்தான் அன்று சபையில் உடைத்துவிட்டேன். அதனால்தான் எனக்கு உட்கார முடியவில்லை. சுதா வீட்டார் என்ன சொல்வார்கள் என்பதைவிட, நீ இனிமேல் என் கையால் சாப்பிடாமல் போய்விடுவாயோ என்பதுதான் எனக்குப் பயம்.

சிங்கப்பூர்க் கதை முழுக்க என் கைவேலை. நீ தஞ்சாவூரில் அந்த மையத்தில் சேர்ந்த மறுநாள், தண்ணிக் குழாயடியில் "புள்ளய எங்க காணும்?" என்று கேட்டார்கள். வாய் தன்பாட்டுக்கு "சிங்கப்பூரு போயிருக்கான், கப்பல் பட்டறையில வேல" என்று சொல்லிவிட்டது. சொன்ன பிறகு பின்வாங்க முடியுமா? யாராவது சிங்கப்பூரில் மழையா வெயிலா என்று கேட்டால் அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நீ திரும்பி வரும் நாள் நெருங்கியது. சிங்கப்பூர்க்காரன் வெறுங்கையோடு வருவானா? நாகூருக்குப் போய் வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடையில் கோடாலித் தைலமும் சோப்பும் ஒரு பூப்போட்ட போர்வையும் வாங்கி வந்து உன் பையில் திணித்தேன். நீ எலும்பும் தோலுமாக வந்து நின்றாய், நான் வீடு வீடாகப் போய்த் தைலம் கொடுத்தேன். "அங்க சாப்பாடு ஒத்துக்கலயாம்" என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பும் இருந்தது, அருவருப்பும் இருந்தது. "ஏம்மா, தஞ்சாவூர்லேருந்து தலையாட்டி பொம்மை வாங்கிட்டு வந்து குடுத்திருக்கலாம்ல" என்று கேட்டாய். வெகுநாள் கழித்து அன்றுதான் நீ என்னைக் கிண்டல் பண்ணினாய். நான் உள்ளே போய் அழுதேன்.

அப்புறம் நீ கடலுக்குப் போகாமல் என்ஜின் ரிப்பேர் பட்டறையில் சேர்ந்ததும், போலகத்துக்குக் கிழக்கே கடலோரத்திலிருந்து சுதா அவள் அப்பாவின் என்ஜினை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்ததும், "மூணு நாளுன்னு சொல்லிட்டு ஒரு வாரமா வச்சிருக்கீங்களே, எங்க வீட்டுல உல உங்க பட்டறைலயா கொதிக்கும்?" என்று உன்னை எல்லோர் முன்னாலும் பிடித்ததும் நீயே எனக்குச் சொன்னாய். சொல்லும்போது உனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எவளோ ஒருத்தி என் பிள்ளையைத் திட்டியிருக்கிறாள், அவன் வெற்றிலை போட்டவன் மாதிரி வாயெல்லாம் சிவக்கச் சிரிக்கிறானே என்று எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. அந்த என்ஜின் அதற்குப் பிறகு எத்தனை தடவை பழுதானது என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஒருநாள் சட்டையைப் பெட்டி போட்டுத் தேய்த்துக்கொண்டு பட்டறைக்குப் போனாய். கிரீஸ் துடைக்கிற வேலைக்குப் போகிறவன் தேய்த்த சட்டை போடுவானா? சாமிக்கு விளக்கேற்றினேன்.

பெண் கேட்டுப் போகலாம் என்று பேச்சு வந்தபோது நீ ஒன்றுதான் சொன்னாய். "அதுகிட்ட நான் மொதல்ல எல்லாத்தையும் சொல்லிடுறேம்மா." நான்தான் கையைப் பிடித்துத் தடுத்தேன். கல்யாணம் முடியட்டும், ஒரு பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள், அதுவரை சிங்கப்பூர் இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். நீ முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டாய். இது என் தப்பு. ஒத்துக்கொண்டது உன் தப்பு. இரண்டையும் சுதா தனித்தனியாகப் பிரித்து வைத்துக் கேட்டாள், அதற்கு வருகிறேன்.

பரிசத்துக்கு மாப்பிள்ளை போகக் கூடாது என்பது நம் வழக்கம், உனக்கும் தெரியும். நாங்கள் ஒரு வேன் நிறையப் போனோம். பந்தலில் பாய் விரித்திருந்தது. நம் ஊர்ப் பஞ்சாயத்தார் ஒரு பக்கம், அவர்கள் ஊர்ப் பஞ்சாயத்தார் எதிர்ப்பக்கம், நடுவில் தட்டு. பொம்பிளைகள் நாங்கள் பின்னால் சுவரோரம். சுதாவை உள்ளே உட்கார வைத்திருந்தார்கள், ஜன்னல் வழியாக அவள் புடவை மட்டும் தெரிந்தது. பேச்சு எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவள் அம்மா எதிரில் இருந்தவளிடம் "சிங்கப்பூரு போயிட்டு வந்த புள்ள" என்று பெருமையாகச் சொன்னது என் காதில் விழுந்தது. பிறகு கல்யாணத்துக்கு முதல்நாள் முறையைப் பற்றிப் பேச்சு வந்தது. அவர்கள் ஊரில் எப்படி என்றால், மாப்பிள்ளை தன் கையால் பெண்ணின் தாய்மாமனுக்கு ஊற்றிக் கொடுக்க வேண்டும். மாமன் பாதி குடித்துவிட்டு மீதியை மாப்பிள்ளையிடம் நீட்டுவார். அந்த எச்சிலைக் குடித்தால்தான் மாப்பிள்ளை உறவுக்குள் வந்தான் என்று கணக்கு. நான் இதை மறந்தே போயிருந்தேன், தம்பி. நம் ஊரில் அது எப்போதோ நின்றுபோன முறை.

அவள் தாய்மாமன் நல்ல மனுஷன்தான், வாய் நிறையச் சிரிப்பு. "சிங்கப்பூரு மாப்புள, நம்ம கடைச் சரக்கெல்லாம் செல்லாது. பாரின் சரக்குதான் ஊத்தணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உன் பெரியப்பாவும் சிரித்துக்கொண்டு "ஊத்திருவோம் சம்மந்தி" என்றார். பின்னாலிருந்து நான், "எங்க புள்ள குடிக்க மாட்டான்ங்க. அந்த மொற மட்டும் வேண்டாங்க" என்றேன். பொம்பிளை பேசுகிறாளே என்று ஒரு மாதிரி திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர், "கடத்தொழில் பண்ற வீட்டுல குடிக்காத புள்ளயா? நம்புற மாதிரி சொல்லுங்கம்மா" என்றார். மறுபடி சிரிப்பு. தாய்மாமன் என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, "ஒரே ஒரு வாய்தான் தங்கச்சி. ஒரு வாய் குடிச்சா செத்தா போயிடுவாரு?" என்றார்.

"செத்துப் போயிடுவான்ங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் எழுந்து நிற்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது. உன் பெரியப்பா "உக்காரும்மா" என்று பல்லைக் கடித்தார். நான் உட்காரவில்லை. அந்த ஒரு வாய் என்ன செய்யும் என்று அங்கே என்னைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? அம்மை போட்டிருக்கிறது, காமாலை வந்திருக்கிறது, விரதம் என்று எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். இன்னொரு பொய் சொல்ல என் வாய்க்கு என்ன கஷ்டம்? ஆனால் அன்றைக்குத் தப்பித்தால் சீமந்தத்தில் ஒருவர் நீட்டுவார், காதுகுத்தில் ஒருவர் நீட்டுவார், புதுப் போட்டு இறக்கும்போது ஒருவர் நீட்டுவார். ஆயுசு முழுக்க உனக்குப் பதிலாக நான் நின்று காமாலை, காமாலை என்று சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? "சிங்கப்பூரு இல்லங்க, தஞ்சாவூரு" என்றேன். அலையில் தொடங்கி நீ பட்டறையில் சேர்ந்தது வரை சொன்னேன். பொடி கலந்ததையும் சொன்னேன். நீ என்னை "யாரு நீ" என்று கேட்டதை மட்டும் சொல்லவில்லை, அது நமக்குள். "வந்ததுலேருந்து ஒரு சொட்டு தொடல. இப்ப நீங்க நீட்டுனா மரியாதைக்காக வாங்கிடுவான். வாங்குனா போச்சு. அப்புறம் உங்க பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றேன். சுதாவின் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஜன்னலில் தெரிந்த புடவை எழுந்து உள்ளே போய்விட்டது.

அவர்கள் ஊர்த் தலைவர் தாடையைத் தடவிக்கொண்டே, "பொண்ணு வீடு யோசிச்சு சொல்லட்டும். இன்னிக்குத் தட்டு மாத்த வேண்டாம்" என்றார். தப்பாக ஒரு சொல் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள், யாருக்கும் இறங்கவில்லை. வேனில் ஏறியதும் உன் பெரியப்பா பிடித்துக்கொண்டார். "ஊரு மானத்த வாங்கிட்டியே. பெத்த தாயி மகன சபையில வச்சு குடிகாரங்கறா. இனிமே இந்தக் கரையில எவன் அவனுக்குப் பொண்ணு குடுப்பான்?" என்று கத்தினார். நான் பதிலுக்கு, "மொத கிளாஸ் ஊத்துன கை உங்க கைதானே" என்று சொல்ல வாயெடுத்து, அவர் கண் கலங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன். அவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தார் போலிருக்கிறது.

தம்பி, நான் செய்தது சரியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. காலையில் சரி என்று படுகிறது, மத்தியானம் உன் வாழ்க்கையைப் பாழடித்துவிட்டேன் என்று படுகிறது. கூடை தூக்கும்போது ஒரு மாதிரி, இறக்கும்போது வேறு மாதிரி. உன் கதையை நீ சொல்லியிருக்க வேண்டும். நீ சொல்ல வந்தபோது வாயை மூடச் சொன்னதும் நான், நீ இல்லாத இடத்தில் வாயைத் திறந்ததும் நான். இதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தக் கிளாஸைத் தடுத்ததற்கு மட்டும் கேட்க மாட்டேன்.

இப்போது சுதா. முந்தாநாள் காலையில் தலத்தெருவில் வழக்கமான வேப்பமரத்தடியில் கூடையை இறக்கி உட்கார்ந்திருந்தேன். ஒரு டீச்சரம்மாவுக்குச் சங்கரா மீன் நறுக்கிக்கொண்டிருந்தபோது எதிரில் யாரோ வந்து நின்றார்கள். நிமிர்ந்தால் அவள். வீட்டில் சொல்லாமல் பஸ் ஏறி வந்திருக்கிறாள். டீச்சரம்மா போகும் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், பிறகு என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். தண்ணி குடிக்கிறாயா என்றேன், தலையாட்டி மறுத்தாள்.

"எங்கம்மாவுக்குக் குடுத்தீங்களே, அந்தக் கோடாலித் தைலம்... அதுவும் பொய்யா அத்தை?" என்று கேட்டாள்.

"தைலம் நெசந்தாண்டி. நாகூர்ல வாங்குனது."

"அத எங்கம்மா பீரோவுல வச்சுப் பூட்டிருக்கு. தலவலி மண்டையப் பொளந்தாலும் எடுக்க மாட்டேங்குது." அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. "அவரு ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்றேன்னுதான் நின்னான். நாந்தான் கல்யாணம் முடியட்டும்னு தடுத்தேன்."

"நீங்க தடுத்தது உங்க தப்பு. அத உங்கள்ட்ட கேக்குறேன். அவரு கேட்டுகிட்டு சும்மா இருந்தது அவரு தப்பு. எங்கப்பா அவ்வளவு சண்ட போட்டும், இந்த என்ஜின் இனிமே தேறாது, வேற பாருங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன ஆளு அவரு. அதுக்குத்தான் எனக்கு அவரப் புடிச்சுச்சு. என்ஜினுக்கு உண்டான மரியாத கூட எனக்கு இல்லியா?"

கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அப்போது அவள் அதைக் கேட்டாள்.

"மறுபடியும் குடிச்சிட்டு வந்தா நீங்க என்ன செய்வீங்க அத்தை?"

"என்ன செய்யிறது? திட்டுவேன், அழுவேன். அப்புறம் சோத்தப் போடுவேன்."

"வெளிய போடான்னு சொல்ல மாட்டீங்களா?"

"பெத்தவளால முடியுமாடி அது?"

"என்னால முடியும் அத்தை" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் குரல் ஆடவில்லை. "எனக்கு அவரு வேணும். எங்க வீட்டுல எல்லாரும் வேண்டாங்கறாங்க, எனக்கு வேணும். அதனாலதான் முன்னாடியே சொல்றேன். குடிச்சிட்டு வந்தா நான் தலவிரிச்சிப் போட்டு அழுதுகிட்டு உக்காந்திருக்க மாட்டேன். அன்னிக்கே கெளம்பிடுவேன். புள்ள இருந்தா புள்ளயத் தூக்கிகிட்டுக் கெளம்பிடுவேன். இது அவருக்குத் தெரியணும். தெரிஞ்சு, சம்மதம்னா, எங்க வீட்ட நான் பாத்துக்குறேன். எங்க மாமன் கிளாஸ நீட்டுனா நானே வாங்கிக் கீழ ஊத்துறேன். ஆனா எல்லாத்தையும் அவரு வாயால ஆரம்பத்துலேருந்து எனக்குச் சொல்லணும். உங்க வாயால கேட்டது கணக்குல வராது."

எழுந்து, பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, பஸ்ஸுக்குப் போய்விட்டாள். எனக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது, மறைப்பானேன்? தாலி ஏறுவதற்கு முன்பே என் பிள்ளையை விட்டுவிட்டுப் போவதைப் பற்றிப் பேசுகிறாளே, இவளெல்லாம் ஒரு பெண்ணா என்று இருந்தது. மீதி மீனைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு நடந்தேன். பஸ் ஏறத் தோன்றவில்லை. அரைவழி வரும் வரை அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். அப்புறம் திட்டு வரவில்லை. நீ குடித்த அத்தனை நாளும் உனக்கு ஒன்று நிச்சயமாகத் தெரிந்திருந்தது, தம்பி. எந்த நிலையில் வந்தாலும் கதவு திறந்திருக்கும், சட்டியில் சோறு இருக்கும், அம்மா இருப்பாள். அந்தத் தைரியத்தில் நீ குடித்தாய். நான் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு உன்னை ஓர் அடிகூட நகர்த்த என்னால் முடியவில்லை. நீ சாகக் கிடந்து, நீயாகவே கண் விழித்துச் சொன்னபோதுதான் நகர்ந்தாய்.

நான் உன்னை விடமாட்டேன். என்னால் முடியாது, நாளைக்கே நீ விழுந்தாலும் வந்து தூக்குவேன், அது என் தலையெழுத்து. அவள் விட்டுவிடுவாள். சொன்னால் செய்கிற பெண், அவள் கண்ணைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அப்படிப்பட்டவளைக் கட்டிக்கொள்ள உனக்குத் தைரியம் இருந்தால் கட்டிக்கொள். இல்லை, எனக்கு என் அம்மா மாதிரி ஒருத்திதான் வேண்டும் என்றால் வேறு பெண் பார்க்கலாம், கிடைப்பாள், ஊரில் என்னைப் போன்றவர்களுக்கா பஞ்சம்? ஆனால் அந்தக் கல்யாணத்துக்கு என்னை முன்னால் நின்று நடத்தச் சொல்லாதே.

படித்துவிட்டாய் அல்லவா? எழுந்து எங்கேயும் போகாதே. ரவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சுதாவுக்குப் போன் போடு. அலையிலிருந்து தொடங்கு. பொடியைச் சொல், தஞ்சாவூரைச் சொல். என்னை "யாரு நீ" என்று கேட்டதை நான் சபையில் சொல்லவில்லை, அதையும் நீ சொல். அவள் குறுக்கே கேட்டால் கோபப்படாமல் பதில் சொல். எனக்கு இன்றைக்குப் போன் பண்ண வேண்டாம். நான் தவித்துக்கொண்டுதான் இருப்பேன், இருந்துவிட்டுப் போகிறேன். நீ முதலில் பேச வேண்டியது என்னிடம் இல்லை.

அம்மா